மூன்றாவது ஓட்டையில் மோட்டார்

அக்கரையில் ஓடுகிற படகின் மோட்டார் முக்கால் அங்குலம் உயரமாக மாட்டப்பட்டிருப்பதை, இக்கரையில் தலை நிறைய சோப்பு நுரையோடு குளித்துக்கொண்டே கண்டுபிடித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஒரு படகு மெக்கானிக். ஒருமுறை அவர் தும்மிய தும்மலில் பழுதாகிக் கிடந்த மூன்று மோட்டார்கள் தாமாகவே ஓட ஆரம்பித்தனவாம். அவரே சொல்லியிருக்கிறார், அதனால் பொய்யாக இருக்க முடியாது.

அப்பேர்ப்பட்ட காதுக்கு, ஓய்வுக்காலத்தில் ஆசையாக வாங்கிய சொந்தப் படகின் சத்தம் பிடிபடவில்லை.

நீளமான இரண்டு அலுமினியக் குழாய்கள், மேலே ஒரு பலகைத் தளம், நாலு நாற்காலி, பின்னால் மோட்டார். பான்டூன் படகு என்பது அவ்வளவுதான். மோட்டாரைத் தாழ்த்தி மாட்டினால் தண்ணீரை உழுதுகொண்டு முனகும். உயர்த்தி மாட்டினால் தண்ணீரைத் தள்ளவேண்டிய விசிறி காற்றை விழுங்கி ஊளையிடும். நடுவில் ஓர் உயரம் உண்டு; அங்கே மாமனார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி அடக்கமாக ஓடும். இவருடைய மோட்டாரோ ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில், சற்று நேரம் அடக்கமாக ஓடியது, சற்று நேரம் ஊளையிட்டது. பத்து நாளாக போல்ட்டைக் கழற்றி, மோட்டாரை மாட்டும் ஓட்டை வரிசையில் ஓர் ஓட்டை ஏற்றினார், இரண்டு ஓட்டை இறக்கினார். பதினோராம் நாள் காலை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

"மோட்டார்ல தப்பே இல்ல. குழாய்க்குள்ள கனமா ஏதோ ஒண்ணு முன்னும் பின்னும் நடக்குது."

அவர் மனைவி நாற்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் காதில் கருவி மாட்டி வேலை பார்த்தவர். சிரிக்கக்கூட இல்லை.

"நடக்குறது உங்க காதுக்குள்ளங்க. சாயங்காலம் நானும் வர்றேன். எனக்கும் கேட்டா சரி. கேக்கலைன்னா படகை வித்துட்டு, பேசாம பையன் வீட்டுக்குக் கிளம்புறோம். அங்க லிஃப்ட் சத்தத்தைக் கேட்டுட்டு உக்காருங்க."

சாயங்காலம் மேகம் ஏரியின் மேல் ஈரத்துணி போலக் கிடந்தது. காற்றே இல்லை. பெட்ரோல் வாடையும் பாசி வாடையும் கலந்து மூக்கில் ஒட்டின. மனைவி முன் நாற்காலியில், மடியில் மூக்குக்கண்ணாடிக் கூடு. இவர் பின்னால், மோட்டாரின் கைப்பிடியோடு. மூன்றாவது ஓட்டை. சரியான உயரம். ஏரியின் நடுப்பகுதி வரை மோட்டார் பூனைக்குட்டி போல உறுமியது.

அப்புறம் ஊளை.

படகின் மூக்கு மெல்லத் தாழ்ந்தது. பின்பக்கம் எழும்ப, விசிறி தண்ணீரை விட்டுக் காற்றைக் கடித்தது. மனைவியின் மடியிலிருந்து கண்ணாடிக்கூடு நழுவி முன்னே சறுக்கியது.

"பாத்தியா? பாத்தியா?"

"அலைங்க."

அலை எங்கே இருக்கிறது? தண்ணீர் தரையில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடந்தது. அவர் மோட்டாரை அணைத்தார்.

"உள்ள தண்ணி புகுந்திருக்கும். அதுதான் ஓடுது," என்றார் மனைவி.

"நேத்துதான் அடைப்பைத் திறந்து பாத்தேன். சொட்டு இல்ல. குழாய்க்குள்ள மூணு தடுப்புச் சுவரு, எல்லாம் வெல்டிங் வெச்சது. தண்ணி எப்படிடி சுவரைத் தாண்டும்?"

சொன்ன பிறகுதான், தண்ணீர் தாண்டாத சுவரை வேறெது தாண்டும் என்று அவருக்கே உறைத்தது. பழக்கதோஷம், குனிந்து ஸ்பானரால் குழாயைத் தட்டினார். குழாய் காலியா, நீர் கோத்திருக்கிறதா என்று எந்த மெக்கானிக்கும் அப்படித்தான் தட்டிப் பார்ப்பான். டங், டங், டங். வெற்றுக் குழாயின் சுத்தமான ஓசை.

முன்பக்கத்திலிருந்து பதில் வந்தது.

டங். டங். டங்.

"சூடான குழாய் ஆறுறப்போ அப்படித்தான் சத்தம் போடும்," என்றார் மனைவி. ஆனால் இரண்டு கால்களையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

"கரைக்குப் போயிடலாம்டி."

"அதைத்தானே நானும் சொல்றேன். போங்க."

மோட்டார் கிளம்பியது. ஊளை. கைப்பிடியை முறுக்க முறுக்க ஊளைதான் கூடியது, படகு அங்குலம் நகரவில்லை. விசிறி காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. மூக்கு இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

"எந்திரிச்சுப் பின்னால வா. உன் கனம் இங்க வந்தா விசிறி முங்கும்."

"என்னால எந்திரிக்க முடியலைங்க. காலைக் கீழ வைக்க மாட்டேன்."

இருட்ட இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. கரையில் ஒரு தலையும் தெரியவில்லை. துடுப்பு கிடையாது. என் மோட்டாருக்குத் துடுப்பு ஓர் அவமானம் என்று போன வாரம்தான் கொட்டகையில் வைத்துவிட்டு வந்திருந்தார். விசிறி தண்ணீரில் முங்கினால்தான் கரை. பின்பக்கம் தாழ்ந்தால்தான் முங்கும். தாழ வேண்டுமானால் அது இங்கே வரவேண்டும். தன் காலடிக்கு.

அவர் மண்டியிட்டார். ஸ்பானரை எடுத்தார். குழாயின் பின்முனையில், தன் முழங்காலுக்குக் கீழேயே, மெதுவாகத் தட்டினார்.

வா.

டங்.

ஊளையின் அடியில் ஓர் இழுபடும் சத்தம். ஈரச்சாக்கைத் தரையோடு இழுப்பது போல. முதல் சுவர். நின்றது. தாண்டியது. இரண்டாவது சுவர். தாண்டியது. பழைய கிணற்றின் வாடை. மூன்றாவது.

பலகை அவர் முழங்காலுக்குக் கீழே மெல்ல இறங்கியது.

ஊளை நின்றது. விசிறி தண்ணீரைக் கவ்வியது. மோட்டார் அடக்கமாக, இதமாக, பத்து நாளாக அவர் தேடிய அதே சுருதியில் ஓடியது. படகு நகர்ந்தது. கீழே, ஒரு பலகைக் கனத்துக்கு அப்பால், எதுவோ அசையாமல் இருந்தது. அவர் கைப்பிடியை விடவில்லை. கரை. கரையை மட்டும் பார்.

பார்த்தார்.

மனைவியின் முதுகு மறைக்கவேண்டிய கரை, அவர் தலைக்கு மேலே முழுசாகத் தெரிந்தது. பின்பக்கம் இறங்கினால் மூக்கு எழவேண்டும். எழவில்லை. அதுவும் இறங்கிக்கொண்டிருந்தது. தளத்தின் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில், சத்தமில்லாமல், கறுப்புத் தண்ணீர் பலகை மேல் ஏறியது.

மனைவி திரும்பவில்லை. தொலைபேசியில் பேசுகிற அந்தப் பழைய, நிதானமான குரலில் சொன்னார்:

"நீங்க சொன்னது நெசந்தாங்க. எனக்கும் கேக்குது. ஆனா அது அங்க உங்ககிட்ட வந்துடுச்சுன்னா, இங்க என் காலுக்குக் கீழ தட்டுறது யாரு?"