பட்டியலில் முதல் பெயர்

"அண்ணி, இந்த டீயை யார் போட்டது? அவங்க போட்டதுன்னா எனக்கு வேண்டாம்."

மகள் சொன்ன அந்த 'அவங்க', இரண்டடி தள்ளி அடுப்பைத் துடைத்துக்கொண்டு நின்றாள். பெற்ற தாய்! பதினெட்டு வருஷமாக மகள் வாயிலிருந்து அம்மா என்ற சொல் வந்ததில்லை. அப்பாவைப் பார்க்க எப்போதாவது வருவாள். அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டாள்.

"நான்தான் போட்டேன், குடி" என்று மருமகள் கூசாமல் பொய் சொன்னாள். பொய் சொல்லிச் சமாதானம் செய்யும் வித்தையை அவளும் மாமியாரிடமிருந்துதான் கற்றிருந்தாள்.

அன்று மாலை, ஊரே 'பெரிய சார்' என்று கூப்பிடும் அந்த அப்பாவுக்குப் பாராட்டு விழா. முப்பத்தைந்து வருஷம் வாத்தியார். ஓய்வு பெற்றதும் நகராட்சி உறுப்பினர். எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை என்றாலும், முழங்கால் தண்ணீரில் நடந்துபோய் நிற்பவர். பள்ளியின் புதுக் கட்டடத்துக்கே அவர் பெயர்தான். ஊருக்கு இப்படி உழைத்தவர் வீட்டில் ஒரு பல்பு மாற்றியதில்லை என்பது விழா மலரில் வராது.

எட்டுப் பக்க மலர். அதை அச்சடிக்கும் அச்சகத்தில் மகள்தான் பிழை திருத்துகிறாள். கண் ஆபரேஷனுக்குப் பிறகு பொடி எழுத்து சாருக்குத் தெரிவதில்லை. அதற்காக, தான் சரிபார்க்காத காகிதத்தை வெளியே விட்டுவிடுவாரா?

"சத்தமாப் படிம்மா. என் பேர் போட்ட தாள்ல ஒரு தப்பு இருக்கக் கூடாது."

மகள் படித்தாள். கடைசிப் பக்கத்தில், அன்று காலைதான் வந்து சேர்ந்த, நகராட்சியின் பழைய கிளார்க் எழுதிய கட்டுரை.

"'சார் கல்விக் குழுத் தலைவராக இருந்தபோது, ஆசிரியர் வேலைக்கான பட்டியல் அவர் மேசைக்கு வந்தது. பரீட்சையில் முதலிடம் அவருடைய சொந்த மகள். சார் சிவப்புப் பேனாவை எடுத்து அந்த முதல் பெயரை அடித்தார். என் கண்ணால் பார்த்தேன். இப்படியொரு நேர்...'"

குரல் நின்றது.

சமையலறையில் அம்மாவின் கையும் நின்றது.

மகள் எழுந்து வந்தாள். பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு தாயை நேருக்கு நேர் பார்த்தாள்.

"வேலைக் கடிதம் வந்துச்சு, நான்தான் அடுப்புல போட்டேன்னு சொன்னீங்களே... எந்தக் கடிதத்தைப் போட்டீங்க?"

"கடிதமே வரலம்மா..."

பதினெட்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் மகள், இரண்டாமிடக்காரிக்கு எப்படி வேலை கிடைத்தது என்று நகராட்சியில் கேட்கக் கிளம்பினாள். சார் சமையலறைக்கு வந்து நின்றார். "அவ போனா எல்லாம் தெரிஞ்சுடும். என் மூஞ்சியில முழிக்க மாட்டா. நீ ஏதாவது சொல்லித் தடு. அம்மா மேலன்னா ரெண்டு நாள் கோபம், மறந்துடுவா" என்றார்.

அம்மாவும் வாசலுக்கு ஓடி, நீ வேலைக்குப் போய்விட்டால் என்னை யார் பார்ப்பது என்று பயந்து கடிதத்தை எரித்துவிட்டேன், சேர வேண்டிய தேதியும் போய்விட்டது என்று சொன்னாள். அந்த இரண்டு நாள்தான் இன்னும் முடியவில்லை.

"நான் பண்ணது தப்பில்ல" என்றார் சார், நாற்காலியை விட்டு எழாமல். "சொந்தப் பொண்ணுக்கு வேலை போட்டுக்கிட்டான்னு ஊர் காறித் துப்பியிருக்கும்!"

"குழுவுலேர்ந்து நீங்க விலகியிருக்கலாமேப்பா! என் பேரை அடிச்ச பேனாவால உங்க பேரை அடிச்சிருக்கலாமே! சரி, அடிச்சீங்க... அதையாவது சொன்னீங்களா? அம்மா சோறு போட்டா நான் தட்டை விட்டு எழுந்து போவேனே... பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க!"

அவர் மெதுவாக, "அந்தப் பத்தியை எடுத்துடும்மா. விழா நேரத்துல எதுக்கு..." என்றார்.

"அதுல ஒரு தப்பும் இல்லப்பா. அப்படியே போகும்."

சொல்லிவிட்டுத் தாயின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு உடைந்து போனாள்.

"எனக்குக் குழந்தை பொறந்தப்ப ஆஸ்பத்திரி வாசலோட உன்னைத் திருப்பி அனுப்பினேனே... பாவி நான்! ஏம்மா இப்படிப் பண்ணே?"

"உனக்கு அப்பான்னா உசுரு. வேலைதான் போச்சு, அப்பாவும் போகணுமான்னு நினைச்சேன்டி..."

"அதுக்கு என்கிட்டேர்ந்து என் அம்மாவை எடுத்துக்கிட்டியே! யாரைக் கேட்டு எடுத்துக்கிட்டே?"

அம்மாவால் மகளைக் கட்டிக்கொண்டு அழத்தான் முடிந்தது. தியாகம் என்று நினைத்து அவள் செய்ததில், மகளின் பதினெட்டு வருஷமும் சேர்ந்தே போயிருந்தது. மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வாம்மா. இதை அச்சகத்துல குடுத்துட்டு எங்க வீட்டுக்குப் போலாம். உன் பேத்தி உன்னைவிட உயரம் இப்ப."

விழாவுக்குக் கட்டுவதற்கென்று தேய்த்து வைத்த சேலை நாற்காலியின் முதுகில் தொங்கியது. அம்மா அதை மடித்து மருமகளிடம் கொடுத்தாள். "முன் வரிசையில எனக்குப் போட்ட நாற்காலியில நீ உக்காந்துக்க."

அவள் செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏய்... சாயங்காலப் பேச்சு எழுதின தாளை எங்க வச்சே? ஒரு தடவை பாத்துக்கணும்!"

அவர் சொல்லச் சொல்ல, கண்ணுக்குத் தெரியும்படி கொட்டை எழுத்தில் அவள்தான் எழுதிக் கொடுத்திருந்தாள். நாலு பக்கம். அதில் ஊர் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, அவள் இல்லை. தாள் அலமாரியில், அவருடைய வெள்ளைச் சட்டைக்கு அடியில் இருக்கிறது.

"தெரியலீங்க" என்றாள்.

அவருக்காக எவ்வளவோ பொய் சொன்னவள், அவரிடம் சொன்ன முதல் பொய் அது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.