கரை வந்தேன்

"இவர் செத்திட்டார் எண்டு சொல்லுங்கோ, இல்லாட்டி உயிரோடை இருக்கிறார் எண்டு சொல்லுங்கோ. ரெண்டிலை ஒண்டு எனக்குத் தெரியோணும் அண்ணை," என்றாள் தர்சிகா.

சுன்னாகம் சந்தைக்குப் பின்னால் இருந்துகொண்டு கணினிக் கோளாறுகளைத் துப்பறிவது செபமாலையின் தொழில். அவள் நீட்டிய போனை வாங்கிப் பார்த்தார். வடகரை மீனவர்கள் கடலுக்குப் போகும்போதும் திரும்பும்போதும் பதிகிற இணையத்தளம் அது. தர்சிகாவின் கணவன் கோகுலன் வள்ளத்தோடு காணாமல் போய் ஒரு மாதமாகப் போகிறது. உடல் கிடைக்கவில்லை, போனும் அவனோடு போய்விட்டது. ஆனால் விடியும்போதெல்லாம் அவன் பெயருக்கு நேரே 'கரை வந்தேன்' என்று விழுகிறது. அந்த நேரம் முற்றத்தில் யாரோ ஈர உடுப்போடு நிற்பது போலிருக்கும் என்றாள். உறவினர்கள் முப்பத்தோராம் நாள் ஈமக்கிரியையான அந்தியேட்டிக்கு ஆயத்தம் செய்கிறார்கள்; அவள் ஒப்பவில்லை. உயிரோடு இருப்பவனுக்கு எப்படிச் செய்வது?

"ஆரோ போனைக் கண்டெடுத்து விளையாடுகினம்," என்றாள் உதவியாளர் ஆரபி, கேட்டு முடியுமுன்பே.

"ஒரு நாளும் தவறேல்லையோ?" என்று மட்டும் கேட்டார் செபமாலை.

"இல்லை. கோயில் தீர்த்தத் திருவிழா அண்டு ஊரிலை ஒரு வள்ளமும் இறங்கேல்லை. அண்டைக்கும் அது வந்தது."

தளத்தை நடத்தும் பிரணவனின் அலுவலகம் கோப்பாயில் இருந்தது. மூவரும் போனார்கள். மூலையில், தளத்தை ஓட்டவென்று வாங்கி உறை பிரிக்காத புதுச் சேர்வர் பெட்டி ஒன்று. பக்கத்தில் 'பயிற்சி' என்று ஒட்டிய பழைய கணினி. அதன் நெற்றியில் சந்தனப் பொட்டு, மேலே காய்ந்த செவ்வரத்தம்பூ. செபமாலை அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆரபிக்குப் பொறுமை போய்விட்டது.

பிரணவனின் கையில் புதிதாய்க் காவல் நூல் கட்டியிருந்தது. விடியற்காலையில் இங்கே தனியே இருக்க ஒருவரும் ஒப்புவதில்லை என்றான்.

"தளம் ஒழுங்காய் வேலை செய்யுதோ எண்டு ஆர் பாக்கிறது?" என்று கேட்டார் செபமாலை.

"அதுக்கொரு சோதனைப் புரோகிராம் இருக்கு. விடியத் தானாய் ஓடும். ஒரு மீனவர் போய்வந்த மாதிரி பொத்தானுகளை அமத்திப் பாக்கும். ஆனா அது பயிற்சிக் கணினியிலை மட்டும்தான்."

"ஆற்றை பேரிலை?"

பிரணவன் தயங்கினான். "கோகுலன் அண்ணையின்ரை. முதல்முதல் பழகிப் பாத்தவர் அவர்தான். ராசியான கை எண்டு வைச்சம்."

செபமாலை கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"கோகுலன் ஆவியாய் வந்தாலும் தீர்த்தத்தை மறக்கமாட்டார். திருவிழா தெரியாதது மெசின் ஒண்டுதான். ஆனா பயிற்சிக் கணினிக்குள்ளை ஓடுற சோதனை தர்சிகாவின்ரை போனுக்கு எப்பிடி வந்தது? தொடக்கி வைக்கிற மெசினுக்குத்தானே பொட்டு வைப்பம். பொட்டு இருக்கிறது பயிற்சிக் கணினியிலை. தளம் தொடக்கின முகூர்த்தத்துக்குப் புதுச் சேர்வர் வந்து சேரேல்லை, என்ன?"

"ஓம்," என்றான் பிரணவன். "ஐயர் தந்த நேரம் தப்பக்கூடாதெண்டு அம்மா பிடிச்ச பிடியிலை நிண்டா. பயிற்சிக் கணினியிலையே தொடக்கினம். பிறகு மாத்துவம் எண்டு விட்டம்."

"நீங்கள் சோதனையையும் மாத்தேல்லை. ஊரெல்லாம் பாக்கிற இடத்திலையே அது இப்பவும் ஓடுது. கோகுலன் இருக்கேக்கை அவரும் விடியத்தான் வாறவர். அதாலை ஆருக்கும் வித்தியாசம் தெரியேல்லை."

கைதட்டப் போன ஆரபி தர்சிகாவின் முகத்தைக் கண்டு கையை இறக்கினாள்.

"அப்ப, அவர் துலைஞ்ச அண்டு விடிய விழுந்தது?" என்று கேட்டாள் தர்சிகா.

செபமாலைக்குச் சொல்ல மனமே வரவில்லை. "அதுவும் மெசின்தான், தங்கச்சி."

"அதைக் கண்டிட்டுத்தான் நான் ஒருத்தரையும் கூப்பிடேல்லை. மீனைக் குடுத்திட்டு வருவார் எண்டு தேத்தண்ணி வைச்சனான். மத்தியானம்தான் வள்ளங்கள் தேடப் போனது."

பிரணவன் சோதனையை நிறுத்தினான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். தர்சிகா அவனை இடைமறித்தாள்.

"அந்தியேட்டிக்கு நீங்கள் வரோணும்," என்றாள். "அவர் கரைக்கு வரேல்லை எண்டு எல்லாருக்கும் முன்னாலை உங்கடை வாயாலை சொல்லோணும். எனக்கு அது வாயிலை வராது."

"வாறன் அக்கா," என்றான் பிரணவன்.