வில்லியின் கோட்டு

பள்ளியில் காட்ட நாங்கள் எடுத்த படத்தில் எல்லாமே கறுப்பு வெள்ளை. அந்தக் காலத்துத் துப்பறியும் படம் மாதிரி தொப்பி, மழை, அடிதடி; இசை மட்டும் ராக். துப்பறிவாளர் என் தம்பி. மழை, மாடியிலிருந்து அக்கா பிடித்த தண்ணீர்க் குழாய். இயக்குநர் நான்.

வில்லி, என் வகுப்புத் தோழி டமாரம். எது கிடைத்தாலும் தட்டுவாள். அதனால் அந்தப் பெயர். அவள் பெயிண்ட் டின்களைத் தட்ட, அந்தத் தாளத்துக்கு அடியாட்கள் பாய்வார்கள். காவல் வேலை பார்க்கும் அவள் அம்மாவின் மழைக்கோட்டைப் போட்டிருந்தாள்.

"முதுகுல 'செக்யூரிட்டி'ன்னு எழுதியிருக்குடி," என்றேன்.

"திரும்பாம நடிச்சுடறேன்."

திரும்பிவிட்டாள். சிரிக்கவும் செய்தாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் எரிச்சல்.

மறுநாள் வகுப்புத் தலைவன் பளபளவென்று நிஜத் தோல் கோட்டோடு வந்தான். "நான் வில்லனா வரட்டுமா?"

நான் அந்தக் கோட்டில் மயங்கிவிட்டேன். டமாரத்திடம் போய், "நீ வேணாம். காமெடிப் படமா ஆயிடுது," என்றேன்.

"சரி," என்றாள். டின்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

அப்பாவின் செல்போனில் இடமில்லை. டமாரம் வந்த காட்சிகளை எல்லாம் அழித்துவிட்டுத் தோல் கோட்டைப் படம் பிடித்தேன். போட்டுப் பார்த்தால் டின் சத்தமே இல்லை. சண்டை, கொசு அடிப்பது போலிருந்தது.

"அழிச்சதுலதான் மியூசிக்கும் இருந்துச்சா?" என்றான் தம்பி.

"வாயை மூடுடா."

மறுநாள் பள்ளியில் படம் காட்ட வேண்டும். டமாரத்தின் வீட்டுக்கு ஓடினேன். அவள் அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, என் கோட்டு உன் படத்துக்கு ராசியில்லையாமே?" என்று சிரித்தார். முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவர் போனதும், "மியூசிக் வேணுமா?" என்றாள் டமாரம்.

"வேணும். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். உன் சீன் எல்லாத்தையும் அழிச்சுட்டேன்."

"நான் திரும்பிச் சிரிச்சதையுமா?"

"அதையும்."

"அது நல்லா இருந்துச்சுடி."

"ஆமா. உன்னை நீக்கினது தப்பு. நீ வாசிக்க வரலைன்னாலும் நான் செஞ்சது தப்புதான்."

டமாரம் டின்களை என் பக்கம் தள்ளினாள். பிறகு, "டின்னை நீதான் தூக்கிட்டு வரணும்," என்றாள்.

மறுநாள் பள்ளியில், திரையில் தோல் கோட்டு நடந்தது. திரைக்குப் பக்கத்தில் டமாரம் தட்டினாள். ஒவ்வொரு குத்துக்கும் ஓர் அடி. பெஞ்சுகள் அதிர்ந்தன. கைதட்டல் ஓயவில்லை.

"வாசிச்ச பொண்ணு படத்துல வரவே இல்லையே?" என்று ஆசிரியர் கேட்டார்.

எழுந்து நின்றேன். "அவதான் சார் முதல்ல வில்லி. நல்லாத்தான் நடிச்சா. நான்தான் அழிச்சுட்டேன்."

வீட்டுக்குப் போகும்போது நான்கு டின்களும் என் கையில். தெருமுனையில் டமாரம் என்னிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொண்டாள்.

"இன்னும் கோபமா?"

"கொஞ்சம்," என்று டின்னைத் தட்டிக்கொண்டே, என் பக்கத்திலேயே நடந்தாள்.