கூப்பிட்டதும் வந்த கை

கூப்பிட்ட முதல் குரலுக்கே மகள் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். தெய்வசிகாமணிக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வடக்கனந்தல் வீட்டில் அவன் குரலுக்கு உடனே வருவது ஒரு எருமை மட்டும்தான். அதுவும் தவிட்டு வாளியைப் பார்த்தால்.

ஆனால் நாளெல்லாம் பொறாமையில் வெந்தவனுக்குக் கிடைத்த சந்தோஷம் அது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குவார்களா?

காலையில் கிளம்பியதிலிருந்தே தேவிப்ரியா சித்தப்பாவை விட்டு நகரவில்லை. கார், சகலை பிரவீன்குமாருடையது. கறுப்புக் கண்ணாடியும் அவனுடையது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பிள்ளைக்குக் கடல் காட்டிவிட வேண்டும் என்ற யோசனையும் அவனுடையதே. தெய்வசிகாமணிக்கென்று அந்தப் பயணத்தில் இருந்தது புளிச்சோற்றுத் தூக்கைச் சுமக்கும் உத்தியோகம். கடலூர்க் கரையில் இறங்கியதும் பிரவீன் அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு அலைக்குள் ஓடினான். இவன் வேட்டியை மடித்துக் கட்டி முழங்கால் தண்ணீரில் நின்றான். மக்காச்சோளக் கொல்லைக்கு மடை திருப்புகிறவன். தன் இஷ்டத்துக்கு வந்து போகிற தண்ணீரை அவன் நம்புவதில்லை.

"ஏங்க, பாப்பாவ நீங்களும் கொஞ்ச நேரம் தூக்கலாமில்ல?" என்றாள் மனைவி விஜயலட்சுமி.

"நான் தூக்குனா எறங்கிடுது. நான் இன்னா பண்றது?"

"அதுக்குன்னு மூஞ்சிய இப்பிடி வச்சிக்கினு நிப்பீங்களா?"

"நான் எங்க வச்சேன்? அது பொறப்புலயே இப்பிடி."

அவள் சிரித்துக்கொண்டே கரையேறிப் போனாள். பிரவீனும் பிள்ளையும் ஏற்கெனவே அலையை விட்டுப் பஜ்ஜிக் கடைக்குப் போய்விட்டார்கள். சவுக்குத் தோப்புக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னே தேவிப்ரியா கெக்கெக்கென்று சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்பு அவனுக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. திரும்பினால் தன் முகத்தைப் பிரவீன் பார்த்துவிடுவான். எனவே திரும்பாமல், கடலைப் பார்த்தபடியே கத்தினான்.

"தேவிப்ரியா! அப்பாகிட்ட வா!"

பொழுது சாய்கிற நேரத்தில் கிணற்றடியிலோ ஏரிக்கரையிலோ பிள்ளையை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், அவன் ஊரில். 'ஏ குட்டி' என்பார்கள், 'ஏ கழுத' என்பார்கள். தண்ணிக்குப் பேர் தெரியக் கூடாது. அது அவனுக்கும் தெரியும். ஆனால் அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிணற்றுக்கும் ஏரிக்கும்தானே, இவ்வளவு இரைச்சலில் கடலுக்கு என்ன கேட்கப்போகிறது என்று நினைத்தான்.

கை வந்தது. சின்னக் கை. ஈரமாக, அவன் விரல்களுக்குள் புகுந்துகொண்டது.

"சித்தப்பா வேணாமா?" என்றான், பெருமையை மறைத்துக்கொண்டு.

"வேணாம்."

"அப்பா போதுமா?"

"அப்பா போதும்."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அலைகள் ஒவ்வொன்றாக வந்து உடைந்து, நுரை கால்விரல்களுக்கு இடையிலிருந்து மணலை உருவிக்கொண்டு போக, குதிகாலுக்குக் கீழே தரை கொஞ்சம் கொஞ்சமாகக் குழிய, அந்தக் கையிலிருந்து ஒரு வாடை மெல்ல மேலேறியது. உப்பு வாடை இல்லை, மீன் வாடையும் இல்லை, கோடையில் தூர் வாரும்போது கிணற்றின் அடியிலிருந்து வாளியில் மேலே வருமே, அந்தக் கறுப்புச் சேற்றின் வாடை. விரல்கள் வெகுகாலம் தண்ணீரில் ஊறியவை போலச் சுருங்கிக் கிடந்தன. இப்போதுதானே உள்ளே வந்தாள்?

சூரியன் பின்னால் இருந்ததால் அவன் நிழல் முன்னே தண்ணீரில் நீண்டு கிடந்தது. நிழலின் வலது கை எதையோ பிடித்திருந்தது. பிடித்திருந்த இடத்தில் நிழல் இல்லை. வெறும் தண்ணீர்.

"ஏங்க!" விஜயலட்சுமியின் குரல், கரையிலிருந்து. "பஜ்ஜி ஆறுது! பாப்பா உங்க பங்கையும் தின்னுக்கினு இருக்கா!"

கழுத்தை மட்டும் திருப்பினான்.

கடை விளக்குக்குக் கீழே பிரவீன். அவன் தோளில் தேவிப்ரியா. வாயெல்லாம் எண்ணெய்.

கையை உதறினான். விடவில்லை.

"அங்க பாக்காதப்பா."

மகள் குரல்தான். அதே கீச்சுக் குரல். பக்கத்தில் இருந்து. தண்ணீர் மட்டத்தில் இருந்து.

குனியவில்லை. முடியவில்லை.

ஆனால் தேவிப்ரியா பார்த்துவிட்டாள். அவள் மெல்வது நின்றது. அப்பா பக்கத்தில் யாரோ. அப்பா கையில் யாரோ. அவள் முகத்தில் ஏறியது என்னவென்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. காலையிலிருந்து அவன் முகத்தில் இருந்தது அதுதான்.

"அது யாரு? எங்கப்பா அது! கைய உடுடி!"

தோளிலிருந்து வழுக்கி இறங்கினாள். பஜ்ஜியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"வராத! அங்கயே நில்லு!"

அலைச் சத்தம். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. விஜயலட்சுமி வாய்விட்டுச் சிரித்தாள். "பாத்தீங்களா? கடைசியில அப்பாகிட்டதான் ஓடுது!"

ஈர மணல். முதல் நுரை. கணுக்கால். எங்கப்பா, எங்கப்பா என்று அழுதபடி.

அவனுக்குப் பக்கத்தில், தண்ணீருக்கு மேலே, இன்னொரு சின்னக் கை எழுந்தது. விரல்களை விரித்தது. ஓடிவருகிறவளுக்காக நீண்டது.