கோயிலுக்குப் போகாத பிள்ளை

1927ஆம் வருஷம் பிப்ரவரி மாதம், நிறைமாத வயிற்றோடு அமலம்மாள் சூலியா தெருவுக்குப் பின்னால் இருந்த சந்து வீட்டுக்குக் குடிவந்தாள். ரிக்‌ஷாவிலிருந்து இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதற்குள் பக்கத்து வீட்டு ஆயிஷா வாசலுக்கு வந்துவிட்டாள். வந்தவளை வா என்றுகூடக் கேட்கவில்லை. பார்வை முழுக்க வயிற்றின் மேல்தான்.

"தலப்புள்ளயா?"

"ரெண்டாவது அக்கா."

"அப்ப மொத புள்ள எங்க?"

அமலம்மாள் முந்தானையை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் புருஷன் பெஞ்சமின் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவசரமாக உள்ளே போய்விட்டான். ஆயிஷா அதற்குமேல் கேட்கவில்லை.

முதல் குழந்தை பெண். பிறந்து மூன்று நாள்தான் இருந்தது. பிறந்த அன்றே ஞானஸ்நானத்துக்குக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். ஆனால் பெஞ்சமினின் அண்ணன் பீட்டர்தான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்று குடும்பமே பிடிவாதம் பிடித்தது. அவருக்கோ புக்கிட் மெர்தாஜாம் ரயில் ஸ்டேஷனில் வேலை, லீவு கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்றார்கள். குழந்தை ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்கவில்லை. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் கிடையாதாம். என்ன நியாயமோ! அமலம்மாளின் பச்சைச் சேலையைப் பாதியாகக் கிழித்து, அதில் சுற்றி, வேலிக்கு வெளியே புதைத்துவிட்டு வந்தான் பெஞ்சமின். அதற்குப் பெயர்கூட இல்லை. அவளுக்குப் பால் சுரந்தது நான்காம் நாள். குடிக்க ஆளில்லாமல் மார் கட்டி, காய்ச்சலில் கிடந்து அழுதாள்.

இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும். அமலம்மாளுக்கு வேறு எந்த ஆசையும் கிடையாது.

ஆயிஷா ஒரு சட்டாம்பிள்ளை. உச்சி வெயிலில் கொல்லைக்குப் போகாதே என்பாள், விளக்கு வைத்த பிறகு தலை விரித்துப் போடாதே என்பாள். மலாய்க்கார மருத்துவச்சி சலேஹா கொண்டுவந்த தாழை முள்ளை ஜன்னலில் கட்டினாள். மார்ச் மாதம் பையன் பிறந்ததும் கெடுபிடி இன்னும் ஏறியது. வெளியிலிருந்து யார் வந்தாலும், பெஞ்சமினே ஆனாலும், பின்கட்டுத் தொட்டியில் கால் கழுவாமல் பச்சை உடம்புக்காரியின் அறைக்குள் வரக் கூடாது. பிள்ளையை வெளியே கொண்டுபோய் வந்தால், முதலில் பின்வாசல் பலகையில் கிடத்த வேண்டும், தூக்கி வந்தவர் கால் கழுவ வேண்டும், பிறகுதான் தூக்க வேண்டும்.

"காத்து கருப்பு கால்லதான் ஒட்டிக்கிட்டு வரும். நான் சொல்றதக் கேளு புள்ள" என்பாள்.

எட்டாம் நாள் ஞானஸ்நானம். இம்முறை பீட்டர் அண்ணனுக்காக யாரும் காத்திருக்கவில்லை. பள்ளிக்கூட டீச்சர் டோரதி அக்கா ஞானத்தாயாக வந்தாள். பெற்றவள் கோயில் வாசலை மிதிக்க நாற்பது நாள் ஆக வேண்டும் என்பது வழக்கம், அதனால் அமலம்மாள் வீட்டிலேயே இருந்தாள். பிள்ளைக்குத்தான் எத்தனை காவல்! கன்னத்தில் மை, கழுத்தில் மாதா சுரூபம், துணி மடிப்பில், அதுவரை தலையணைக்கடியில் இருந்த இரும்புப் பாக்குவெட்டி. வெள்ளைச் சரிகைச் சட்டை போட்டுத் தூக்கிக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறினார்கள்.

காவலெல்லாம் பிள்ளையோடு போய்விட்டது.

துணைக்கு இருந்த ஆயிஷாவும் பன்னிரண்டு மணிக்கு எழுந்தாள். "அடுப்புல சோறு கெடக்கு. ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேன் லா. தாழ்ப்பாள் போட்டுக்க."

சந்து ஓய்ந்து கிடந்தது. வெயில் கூரை ஓட்டைத் தீய்த்தது. சாம்பிராணி அணைந்து, கருவாட்டு வாடை மட்டும் மிஞ்சியிருந்தது. சற்று நேரத்தில் அந்த வாடையும் போய், மழை பெய்த மண்ணின் வாசனை வந்தது. மழைதான் பெய்யவில்லை.

கொல்லையில் குழந்தை அழுதது.

கூடவே தொட்டியில் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம். அதற்குள்ளாகவா வந்துவிட்டார்கள்? டோரதி அக்கா பிள்ளையைப் பலகையில் கிடத்திவிட்டுக் கால் கழுவுகிறாள் என்று நினைத்தாள். அழுகை கேட்டதுமே மார் சுரந்து ரவிக்கை நனைந்தது. அந்த நேரத்தில் எந்தத் தாய் யோசிப்பாள்? தாழ்ப்பாளை நீக்கி, கதவைப் பாதி திறந்து, துணிச்சுருளை அள்ளிக்கொண்டு பாய்க்கு ஓடிவந்தாள்.

அது ஆவலாகக் கவ்விக்கொண்டது.

"அம்மாடி, என்ன பசி எங்க ராசாவுக்கு..." என்றாள்.

உதடு சில்லென்றிருந்தது.

குனிந்து பார்த்தாள். சரிகைச் சட்டை இல்லை. பச்சைத் துணி. ஒரு பக்கம் கையால் கிழித்த சேலை. மடிப்பில் ஈர மண்.

தொட்டிப் பக்கம் ஒருவரும் இல்லை.

பயந்தாளா என்றால், பயந்தாள். ஆனால் தூக்கி எறியக் கை வரவில்லை. பெற்றவள் அல்லவா! கண்ணை மூடிக்கொண்டு அது குடித்தது, விழுங்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

வாசலில் ரிக்‌ஷா மணி அடித்தது. "அமலம்! சவேரின்னு பேரு வச்சாச்சு! புள்ள பசியில துடிக்கிறான், நாங்க பின்பக்கமா வர்றோம்!" என்று டோரதி அக்கா கூவினாள்.

உயிரோடிருக்கும் பிள்ளை வீறிட்டு அழுதான். மடியில் இருந்தது விடவில்லை.

"விடு கண்ணு. தம்பி அழுறான். விடும்மா."

இன்னும் இறுகியது.

"நாளைக்கு வா. இதே நேரத்துக்கு வா, அம்மா தர்றேன். மாதா மேல சத்தியம்" என்று அதன் காதில் கெஞ்சினாள்.

விட்டது. மடி காலி. பாய் மட்டும் ஈரமாக இருந்தது.

சோற்றுக் கை காயாமல் ஓடிவந்த ஆயிஷா மூக்கைச் சுளித்தாள். "மண்ணு வாட அடிக்குதே. யாரு புள்ள வந்தா?"

"யாரும் வரல அக்கா."

அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம். சொன்னால் விரட்டிவிடுவார்களே என்று தோன்றியது, பாவி மனம்.

மறுநாள் உச்சியில் மடி கனத்தது. எதிரிலேயே உட்கார்ந்திருந்த ஆயிஷாவின் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதற்கடுத்த நாளும் வந்தது. அது குடித்துப் போன பிறகு சவேரிக்கு ஒரு சொட்டு மிஞ்சாது. வெறும் மாரைச் சப்பிச் சப்பி அழுதுவிட்டுத் தூங்கிப்போவான். அரிசிக் கஞ்சித் தண்ணீர் ஊட்டினால் கக்கினான். அவன் விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது. சலேஹா பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

இருபதாம் நாள் துணிந்து, பாக்குவெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மடி கனக்கவில்லை. அறைக் கோடியில் படுத்திருந்த சவேரிக்குத்தான் மூச்சு அடைத்து முகம் நீலம் பாரித்தது. இரும்பை வீசி எறிந்தாள்.

"வா, வந்து குடி. அவன விட்டுரு, உன் கால்ல விழுறேன்" என்று கதறினாள்.

நாளுக்கு நாள் கனம் ஏறியது. முப்பதாம் நாள் பல் பட்டது.

நாற்பதாம் நாளை எண்ணித்தான் அமலம்மாள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சாமியார் கோயில் வாசலில் நின்று ஆசீர்வதித்து உள்ளே அழைத்துப் போவார். வேலிக்கு வெளியே புதைத்தது அந்தப் படியைத் தாண்டி வர முடியாது. சாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், அவர் ஒரு வழி செய்வார்.

அன்று காலை சவேரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனாள். சாமியார் தீர்த்தம் தெளித்து, ஜெபம் சொல்லி, உள்ளே கூட்டிப்போனார். "முடிஞ்சுது அமலம். இனிமே பயமில்ல" என்றான் பெஞ்சமின். அவனுக்குக் கண் கலங்கியது. இத்தனை நாளுக்குப் பிறகு அவளுக்கு நெஞ்சு நிறைய மூச்சு வந்தது. பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் இடம் தேடி நின்றாள். தோளில் சவேரி சத்தமில்லாமல் கிடந்தான்.

ஓரத்தில் இருந்த முன்பின் அறியாத பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"ரெண்டையும் தூக்கிக்கிட்டு எவ்வளவு நேரம்மா நிப்ப? உக்காரு. முதல்ல மூத்தவ கைய எடுத்து விடு, சின்னவன் கழுத்த நெரிக்கிறா பாரு."