மூடிய கண்ணில் வெளிச்சம்

கண்ணை மூடிய பிறகும் ஜன்னல் கம்பிகள் தெரிந்தன.

ஜானவி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விடிய விடிய ஆய்வகத்தில் விழித்துவிட்டுக் கல்பாத்தி வீட்டில் வந்து விழுந்தவளுக்கு எது வேண்டுமானாலும் தெரியும். ஒரு மணி நேரத் தூக்கம் கிடைத்தால் போதும்.

ஒளியை உணரும் சென்சார் செய்வது அவள் ஆராய்ச்சி. நானோ துகள்கள் கலந்த திரவத்தைக் கண்ணாடித் தகட்டில் சொட்டி இருட்டில் வைத்துவிட வேண்டும். துகள்கள் தாமாகவே வரிசை சேர்ந்து, வெளிச்சத்தை உணரத் தொடங்கும். மாதக்கணக்காகியும் அவை சேரவில்லை. அந்த அலுப்பில் இன்று விடியற்காலை திரவம் பட்ட கையுறையோடு கண்ணைக் கசக்கிவிட்டாள். தண்ணீரில் கழுவிக்கொண்டு, யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பாட்டு வாங்க வேண்டும்.

வீட்டில் அம்மா வாலாம்பாள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

"கண்ணு இப்படிச் செவந்து கெடக்கேடி! எல்லாம் உஷ்ணம். கண்ணை மூடிண்டு அசையாம படுத்துக்கோ."

சமையலறையிலிருந்து விளக்கெண்ணெய் கொண்டுவந்து இரண்டு கண்ணிலும் விரலால் விட்டாள். குளிர்ச்சி இதமாக இருந்தது. ஜானவியும் சமர்த்தாக அசையாமல் கிடந்தாள்.

இப்போது குக்கரின் விசில், தாளிக்கும் கடுகின் வாசனை, எதிர்வீட்டு மலையாள சீரியலின் அழுகை எல்லாவற்றையும் தாண்டி அந்த ஜன்னல் நின்றது. போர்வையை இழுத்து மூடினாள். போர்வையின் நூலிழைகள் தெரிந்தன. எழுந்து, ஜன்னலே இல்லாத சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அங்கே இன்னும் தெளிவாக இருந்தது. அரிசி மூட்டையின் தையல். சுவரில் பல்லியின் விரல்கள்.

கண்ணைத் திறக்கப் பார்த்தாள். முடியவில்லை.

தண்ணீரை விட எண்ணெயில்தான் துகள்கள் நன்றாகச் சேரும், ஆட்டாமல் வைத்தால் போதும் என்று போன வாரம் ஆராய்ச்சி கைடு சொன்னது அப்போதுதான் உறைத்தது.

இமையைத் தொட்டாள். சொரசொரவென்று இருந்தது. இமை மயிர் ஒவ்வொன்றும் எதிர் மயிரோடு ஒட்டியிருந்தது. ஒழுங்காக. வரிசையாக. அந்த வரிசை விரலடியில் மெல்ல நகர்ந்தது.

"அம்மா!"

கதவு திறந்தது. வாலாம்பாள் அலறினாள். ஓடிவந்து மகளின் கண்களை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள்.

"என்னடி ஆச்சு நோக்கு? பகவானே, இது என்னது?"

மூடிய இமைகளுக்கும் அம்மாவின் உள்ளங்கைகளுக்கும் அப்பால் அந்த அழுகிற முகம் பளிச்சென்று தெரிந்தது. கைகள் விலகின. விரல் நுனிகளில் கருப்பாக ஏதோ மினுங்கியது.

"உன் கண்ணைத் தொடாதே அம்மா!"

வாலாம்பாள் அதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.