கட்டிப்போட்ட கால்கள்

"என்ன யசோ, இன்னுமா நடக்கிற? செத்த படேன்" என்று அடுத்த வீட்டுக் காம்பராவிலிருந்து விஜயலெட்சுமி அக்கா கேட்டபோது, யசோதினி பாயில் அசையாமல் படுத்திருந்தாள்.

தேயிலைத் தோட்டத்து லயம்; வரிசையாய் ஒட்டிய வீடுகளின் நடுச்சுவர் கூரை வரை போகாது. பக்கத்து வீட்டுப் பெருமூச்சும் இங்கே கேட்கும். இருட்டினால் யசோதினியின் கால்களுக்குள் எறும்பு ஊர்வது போல ஒரு குடைச்சல் கிளம்பும் என்பதும், அவள் குறுக்கும் நெடுக்கும் நடந்தே அதை அடக்குவாள் என்பதும் லயத்துக்கே தெரிந்த கதை. பதுளை டொக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: உங்கள் உடம்பு மருந்து தாங்காது, சளி தடிமனுக்குப் போடும் குளிசை மட்டும் வேண்டவே வேண்டாம், கால் இன்னும் மோசமாகும். ஆனால் லயத்தில் ஒரு வீட்டில் மிஞ்சிய குளிசை அடுத்த வீட்டுக்குப் போகாமல் இருக்குமா? அன்று நமுனுகுல மழையில் நாள் முழுக்கக் கொழுந்து பறித்து, தும்மித் தும்மி ஓய்ந்து வந்தவளுக்கு அக்கா நீட்டிய குளிசையை மறுக்க மனம் வரவில்லை; வாங்கி விழுங்கினாள்.

அடுப்பில் சோறு ஆறுவதற்குள் கால்கள் வெறிபிடித்து உதைத்தன. புருஷன் கொழும்பில். பக்கத்தில் நான்கு வயது விதுஷா. போன வாரம் தூக்கத்தில் உதைத்ததில் பிள்ளையின் உதடு கிழிந்தது. மலைக்குப் போகும்போது இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டும் கயிற்றை எடுத்து, முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தாள்.

கால்கள் அடங்கின. அப்பாடா என்றிருந்தது. அப்போதுதான் அக்கா அப்படிக் கேட்டாள்.

"நான் படுத்துத்தான் இருக்கேன் அக்கா."



தகரத்தில் கொட்டும் மழைக்கு அடியில் யசோதினிக்கும் அது கேட்டது. ஈரச் சிமெந்தில் வெறுங்கால். அடுப்படி வரை போய், திரும்பி, வலது குதிகாலை லேசாக இழுத்து இழுத்து.

அவள் நடை. அவளுடைய நடையேதான்.

போர்வைக்குள் கையை விட்டாள். தொடை. முழங்கால். கயிறு. முடிச்சு அவிழவில்லை.

அதற்குக் கீழே பாய். வெறும் பாய்.

கத்தினாள். சத்தம் வரவில்லை.

நடை பாயருகே வந்து நின்றது. விதுஷா கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தாள்.

"எங்கம்மா போற? நானும் வாறேன்."

பிள்ளையின் சட்டையை எட்டிப் பிடித்தாள். நழுவியது. சின்னக் கை தாழ்ப்பாளைத் தள்ளும் ஓசை. குளிர்காற்று.

மின்னல் வெட்டியது. மலைக்கு ஏறும் படிக்கட்டில், முழங்காலுக்குக் கீழே மட்டும், இரண்டு வெறுங்கால்கள் நிதானமாக ஏறிக்கொண்டிருந்தன. பின்னால், அம்மாவின் கையைத் தேடி மேலே நீட்டிய கையோடு, விதுஷா.